மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் பின்சக்கரச் சத்தம்: பேரிங் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

துணிக் கூரை கொண்ட இரண்டு இருக்கைக் காரான எம்எக்ஸ்-5-ல் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்திலேயே பின்சக்கரம் சுழல்கிறது. இடையில் இருப்பது கொஞ்சம் தகடும் துணிக் கூரையும்தான். செடான் காரில் காதுக்கே எட்டாத சத்தமெல்லாம் இதில் தெளிவாகக் கேட்கும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வதுதான் கடினம். வலது சக்கரத்தின் சத்தம் தகடு வழியாக ஏறி இடது காதில் வந்து விழும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் முனகல் நாலு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். பூட்டில் உருளும் ஒரு ஸ்பேனர், சஸ்பென்ஷனே கழன்றுவிட்டதோ என்று பதற வைக்கும்.

'ஊங்' என்று கேட்டதுமே வீல் பேரிங் என்று முடிவுகட்டி ஆர்டர் போடுகிறவர்கள் நிறைய. இந்தக் காரில் பின் பேரிங்கை மாற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், துருப்பிடித்த காரென்றால் ஒரு நாளே போய்விடும். அவ்வளவும் செய்த பிறகு அதே 'ஊங்' அப்படியே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் டயர்தான். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும், காசும் செலவில்லை. ஆகவே காசில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சத்தம் நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று கடைசிவரை தெரியாது.

கீழே வரும் அளவுகள் முதல் இரண்டு தலைமுறைகளுக்கானவை: 1989-ல் அறிமுகமான என்ஏ, அதன்பின் 2005 வரை வந்த என்பி. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றது இதே கார்தான். பிந்தைய என்சி, என்டி கார்களில் பின் சஸ்பென்ஷன் மல்டிலிங்க் (பல தண்டுகள் சக்கரத்தைத் தாங்கும்) வகை. தேடும் முறை அவற்றுக்கும் இதுவே. முறுக்கு (டார்க்) அளவுகளை மட்டும் அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்

சத்தத்தோடு சாலையில் இறங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வீல் நட். சக்கரத்துக்கு நான்கு நட், 21 மி.மீ. பாக்ஸ், முறுக்கு 89 முதல் 118 நியூட்டன் மீட்டர். 110 வைத்தால் சரியாக இருக்கும். டார்க் ரெஞ்சை வைத்ததும் கிளிக் ஆகாமல் நட் நகர்ந்தால், உங்கள் 'டக் டக்' அங்கேயே அகப்பட்டிருக்கலாம். இரண்டாவது, டயரின் உள்பக்கச் சுவர். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் அந்த டயரோடு ஓட்டக் கூடாது. மூன்றாவது, காயில் ஸ்பிரிங்கின் கீழ்முனை. குளிர்காலத்தில் உப்பு தூவும் ஊர்களில் கடைசிச் சுற்று துருவேறி உடைவது சகஜம். உடைந்த முனை டயரைக் கிழிக்கும். நான்காவது, டயர் இடுக்கில் கல். சிரிப்பு வரலாம், ஆனால் அகலமான பள்ளங்கள் உள்ள டயரில் மாட்டிய ஒற்றை ஜல்லி மெதுவாகப் போகும்போது எழுப்பும் 'டிக் டிக்' பல பேரை மெக்கானிக் ஷாப் வரை கூட்டிப்போயிருக்கிறது.

பிறகு பூட்டை முழுக்கக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். இந்தக் காரில் பேட்டரியும் பூட்டில்தான் இருக்கிறது. அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் 'டொக்' என்று அடிக்கும். இருக்கைகளின் பின்னாலுள்ள இடத்தையும் துழாவுங்கள். பூட்டு மூடியைத் தாங்கும் ரப்பர் குமிழ்கள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இவ்வளவும் முடித்து ஓட்டினால் சத்தமே இல்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சத்தத்துக்குச் சரியான பெயர்

'பின்னால் ஒரு மாதிரி சத்தம் வருது' என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் எதுவும் செய்ய முடியாது. சத்தத்தை அப்படியே வாயால் சொல்லிக்காட்டும் வசதி தமிழில் ஏராளம். அதைப் பயன்படுத்துங்கள்.

'ஊங்ங்' என்று வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்: டயர், பேரிங், டிஃபரன்ஷியல் மூன்றில் ஒன்று. 'சர்... சர்... சர்...' என்று சுற்றுக்கு ஒருமுறை உரசல்: டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக் கவசம் வளைந்து டிஸ்க்கில் படுகிறது, அல்லது டிஸ்க்கின் ஓரத்தில் துரு மேடு. 'கீச்' பிரேக்கைத் தொட்டதும் அடங்கினால் பேட், பள்ளத்தில் வந்தால் காய்ந்த புஷ் (சஸ்பென்ஷன் மூட்டின் ரப்பர்). 'லொடலொட' என்று சின்னக் கரடுமுரடிலும் ஆடுவது தளர்ந்த பிரேக் பேட் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). 'டொக்' என்று ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஒரே ஒரு தட்டு: டிஃபரன்ஷியல் மவுண்ட் அல்லது டிரைவ்ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு). நின்ற காரை நகர்த்தும்போது மட்டும் 'டிக்' என்று ஒருமுறை: ஹப் நட் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பை டிரைவ்ஷாஃப்ட்டோடு இறுக்கும் நட்). கடைசியாகச் சொன்னதைப் பற்றி நிறையப் பேச வேண்டும், பின்னால் வருகிறேன்.

சாலையில்: எண்ணுங்கள், மாற்றுங்கள், ஒப்பிடுங்கள்

ஆள் நடமாட்டமில்லாத, சமமான, நேரான சாலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது. எண்ணுவது அவர் வேலை, ஓட்டுவது மட்டும் உங்கள் வேலை. கூரையைத் திறந்து, ஒரு பக்கம் மதில் சுவர் உள்ள தெருவில் மெதுவாகப் போனால் அந்தப் பக்கச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதே தெருவில் எதிர்த் திசையில் வந்தால் அடுத்த பக்கம். பக்கத்தைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

தட்டு மாதிரியான சத்தமென்றால் எண்ணிக்கைதான் முதல் துப்பு. என்ஏ-வின் 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று முறை சுற்றும். அப்படியானால் 10 நொடியில் 30 தட்டு எண்ணினால், சத்தம் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது: டயர், ரிம், டிஸ்க், ஹப், டிரைவ்ஷாஃப்ட். தட்டுகள் எண்ணவே முடியாத அளவுக்கு நெருக்கமாக, நொடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று வந்தால், அது கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வேகம். 1.6 லிட்டர் என்ஏ-வில் இறுதிக் கியர் விகிதம் 4.3, 1.8-ல் 4.1. அந்த ஷாஃப்ட் சக்கரத்தைவிட அத்தனை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் வேகத்துக்குப் போனின் ஜிபிஎஸ்ஸை நம்புங்கள். பேரிங் கெட்டால் இப்படி முழு எண்ணாக எண்ண முடியாது. உள்ளே குண்டுகள் சக்கரத்தின் வேகத்தில் சுற்றுவதில்லை. அதனால் தட்டாக இல்லாமல் ரீங்காரமாகவோ, 'கரகர' என்றோதான் கேட்கும்.

ரீங்காரமென்றால் செய்ய வேண்டியது வேறு. அது தெளிவாகக் கேட்கும் வேகத்தைப் பிடியுங்கள். 70 என்று வைத்துக்கொள்வோம். அங்கே கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், பிரேக் பூஸ்டருக்கு அது வேண்டும். எஞ்சின் ஐடிலில் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின், எக்ஸாஸ்ட், அதன் வெப்பத் தகடு எல்லாம் விடுதலை. அடுத்து நாலாவது கியரில் அதே 70-ல் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தும், காலை முழுக்க எடுத்தும் கேளுங்கள். இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்றால் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் சந்தேகிக்க வேண்டும். டயருக்கும் பேரிங்குக்கும் எஞ்சின் இழுக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை.

இனி வளைவு. வலது பக்கம் நீளமாக வளையும்போது காரின் எடை இடது சக்கரங்களில் ஏறும், இடது வளைவில் வலது சக்கரங்களில். வலது வளைவில் சத்தம் பெருகி, இடது வளைவில் அடங்கினால் இடது பேரிங் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். இது இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங். எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து சில நேரம் நேர்மாறாகவும் பேசும். ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிக் காரைப் பிரிக்க வேண்டாம்.

கடைசியாகப் பிரேக். 30 கி.மீ. வேகத்தில், பின்னால் யாரும் வராதபோது, கால் பிரேக்கை வேகம் குறையாத அளவுக்கு மிக மெல்ல தொடுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, லேசாக இழுத்து விடுங்கள். எம்எக்ஸ்-5-ல் ஹேண்ட் பிரேக் பின் காலிப்பரையே (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) இயக்குகிறது. லொடலொட அடங்கினாலோ, உரசல் மாறினாலோ விடை பின் பிரேக்கில் இருக்கிறது. ஈரச் சாலையில் இதைச் செய்யாதீர்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் இந்தக் கார் உடனே சுழன்றுவிடும்.

டயரை முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள்

பாதிப்பேர் தாண்டிப் போய்விடும் இடம் இது. டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், மறு திசையில் டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் கையைக் கீறினால், அது ரம்பப் பல் தேய்மானம். முக்கியமாக உள்விளிம்பைத் தடவுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புதுசாகத் தெரியும் டயரின் உள் ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். சக்கரங்களின் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) விலகியிருந்தால் கட்டைகள் சாலையில் சாய்வாக இழுபட்டு இப்படித் தேயும். ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் சக்கரம் குதித்துக் குதித்து, ஒரு சாண் இடைவெளியில் குழி குழியாகத் தேயும். இரண்டும் பேரிங் போலவே 'ஊங்' பாடும்.

எம்எக்ஸ்-5-ல் ஒரு பெரிய வசதி, நான்கு டயரும் ஒரே அளவு. பின்னால் அகல டயர் போடும் போர்ஷே பாக்ஸ்டர் போன்ற கார்களில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. பின் இரண்டையும் முன்னுக்கு, முன் இரண்டையும் பின்னுக்கு மாற்றுங்கள். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும். அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் முன்னுக்குப் போனாலோ, சுருதி மாறினாலோ டயர்தான்.

சக்கரத்தைக் கழற்ற வசதியில்லை என்றால் காற்றழுத்தம். இந்தக் காருக்கு 26 பிஎஸ்ஐ. சோதனைக்காக மட்டும், டயர் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குள், பின் இரண்டுக்கும் 36 ஏற்றி ஓட்டிப் பாருங்கள். டயர் சத்தமென்றால் சுருதி மாறும். பேரிங்குக்குக் காற்றைப் பற்றி அக்கறையில்லை. புதுத் தார் போட்ட வழவழச் சாலையில் சட்டென்று அடங்கி, பழைய சாலை வந்ததும் மறுபடி தொடங்கும் சத்தமும் டயருடையதே. சோதனை முடிந்ததும் 26-க்கு இறக்க மறக்க வேண்டாம்.

டயர்தான் என்று தெரிந்தால் புது டயர் மாட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். நான்கு சக்கர அலைன்மென்ட் பார்க்காவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் புது டயரும் அதே பாட்டைப் பாடும். பின் சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மின் உள்முனைகளில் இருக்கும், கோணத்தைத் திருத்தும் கேம் போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தால் அலைன்மென்ட் கடைக்காரர் பின்பக்கத்தைத் தொடாமலேயே அனுப்பிவிடுவார். அச்சிட்ட அறிக்கையில் பின்சக்கர டோ, வேலைக்கு 'முன்', 'பின்' இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அவர் தொடவில்லை.

வேறு ரிம் மாட்டியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தக் காரின் ஹப் நடுவட்டம் 54.1 மி.மீ. வெளி ரிம்களின் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடைவளையம் இல்லாமல் மாட்டினால் ரிம் நடுவில் உட்காராது, அதிர்வு வரும். உள்பக்கம் ஒட்டிய பேலன்ஸ் எடை காலிப்பரில் இடித்து 'டிக் டிக்' என்பதும் உண்டு. காலிப்பரின் மேல் பளபளப்பான கோடு ஒன்று தெரிந்தால் அதுதான்.

ஜாக்கியில் ஏற்றி

இங்கே ஒரு ஆபத்து. ஹேண்ட் பிரேக்கும் கியரும் இரண்டுமே பின்சக்கரத்தைத்தான் பிடிக்கின்றன. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் காரைத் தரையோடு பிடித்து வைக்க எதுவுமே இல்லை. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே தூக்குங்கள். டிஃபரன்ஷியல் கூட்டின் நடுவில் ஜாக்கியை வைத்து ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முன்னாலுள்ள தகட்டு விளிம்பின் குறியிட்ட இடங்களில் ஸ்டாண்ட் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டாயிற்று. சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பேட் லேசாக உரசுவது இயல்பு, ஒரு பக்கம் சக்கரம் சுழலவே மறுத்தால் அல்ல. இப்போது ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையின் விரல்களைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் மென்மையாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக, மணல் அரைபடுவது போல, விரல் நுனியில் ஓடும். காது பிடிக்காததையும் இது பிடித்துவிடும். அடுத்த பக்கத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுப் பார்த்தால் எல்லாமே கரகரப்பாகத்தான் தோன்றும்.

பிறகு ஆட்டம். டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12, 6 நிலையில் பிடித்து ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவரைக் கால் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் அழுத்தியபோது டிஸ்க்கும் நக்கிளும் (பேரிங்கைத் தாங்கும் கூடு) பேடால் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஆடினால் ஆடுவது அதற்கு வெளியே: ஆர்ம் புஷ், கீழ் போல்ட். டயல் கேஜ் இருந்தால் ஹப் முகத்தில் வைத்து உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். 0.05 மி.மீ-க்கு மேல் ஆடக் கூடாது. கையால் உணர முடிகிறது என்றாலே அதைத் தாண்டிவிட்டது.

சிலர் காரை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு எஞ்சினால் சக்கரத்தை ஓட்டிக் கேட்பார்கள். தொங்கும் சஸ்பென்ஷனில் டிரைவ்ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் மடங்கி நிற்பதால், சாலையில் இல்லாத சத்தமெல்லாம் அப்போது வரும். அபாயமும் கூட. அதற்குப் பதில் நக்கிளிலும் டிஃபரன்ஷியல் கூட்டிலும் கிளிப் போட்டு மாட்டும் வயர்லெஸ் மைக்குகள் கிடைக்கின்றன. இடது, வலது, நடு என மூன்றை மாட்டி சாலையில் ஓட்டிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும்.

பின் காலிப்பர்

பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், முடிந்தவரை பிரேக் பிடிக்காமல். நிறுத்தியதும் இரண்டு பின் டிஸ்க்குகளின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருவி இல்லையென்றால் ரிம் அருகில் கையை நீட்டினாலே வித்தியாசம் தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

வழக்கமான காரணங்கள் இரண்டு. ஸ்லைடர் பின் (காலிப்பர் நகர்ந்து செல்லும் கம்பி) காய்ந்து இறுகுவது ஒன்று, ஹேண்ட் பிரேக் லீவர் துருவேறித் திரும்பி வராதது மற்றது. பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் பிரேக் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்து, இன்னும் இறுக்கமாக்கிவிடும். லீவரைக் கையால் தள்ளிவிட்டால் தன் ஸ்பிரிங்கிலேயே நிறுத்தத்துக்கு வந்து முட்ட வேண்டும்.

பேட் மாற்றியவர்கள் இந்தக் காலிப்பரில் செய்யும் தவறு, பிஸ்டனைச் சி-கிளாம்ப் வைத்து அழுத்துவது. அது உள்ளே போகாது. அழுத்தினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர்தான் கெடும். காலிப்பரின் பின்பக்கம் 14 மி.மீ. தலையுள்ள மூடி போல்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் துளை. இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும், வலஞ்சுழியாகத் திருப்பினால் வெளியே வரும். புது பேட் போட்ட பின் வலஞ்சுழியாகத் திருப்பி, பேட் டிஸ்க்கைத் தொட்டதும் நிறுத்தி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் வாருங்கள். இதை விட்டுவிட்டால் ஹேண்ட் பிரேக் தொளதொளவென்று இருக்கும். அதிகமாக இறுக்கினால் டிஸ்க் சூடேறும். பேடைப் பிடிக்கும் சின்னக் கம்பி ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போட்டிருந்தால், அதுவே லொடலொடவுக்குப் போதுமான காரணம்.

தகட்டுக் கவசம் உரசினால் விரலால் வெளிப்பக்கம் இரண்டு மி.மீ. வளைத்துவிடுங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

நகரும்போது ஒரே ஒரு 'டிக்'

ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே நகர்த்தும்போது ஒரு 'டிக்'. பிறகு எவ்வளவு தூரம் போனாலும் சத்தமில்லை. மறுபடி ரிவர்ஸ், மறுபடி முன்னே, மறுபடி ஒரு 'டிக்'. ஹோண்டா எஸ்2000 ஓட்டுபவர்களுக்கு இது நன்கு பழக்கமானது, எம்எக்ஸ்-5-லும் வரும். விசையின் திசை மாறும் அந்தக் கணத்தில் டிரைவ்ஷாஃப்ட்டின் தோள்பட்டை பேரிங்கின் உள்வளையத்தின் மேல் ஒட்டி, பின் சறுக்குகிறது. காய்ந்த ஸ்ப்லைன் பற்களும் இதில் சேர்ந்துகொள்ளும். நடு நட் தளர்ந்திருந்தால் கட்டாயம் கேட்கும்.

நட் 29 மி.மீ., முறுக்கு 216 முதல் 318 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் 200-ல் நின்றுவிடும், பெரியது இரவல் வாங்குங்கள். நட்டின் கழுத்து ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். முதலில் மழுங்கிய உளியால் அதை நிமிர்த்துங்கள். சும்மா இறுக்குவது சில மாதங்களுக்கு அமைதி தரலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஷாஃப்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, தோள்பட்டையையும் பற்களையும் துடைத்து, மாலிப்டினம் பேஸ்ட் மெல்லிசாகப் பூசி, புது நட் போட்டு, மறுபடி மடக்க வேண்டும். பழைய நட்டின் மடக்கிய கழுத்து இரண்டாம் முறை பிடிக்காது.

நட்டை முதலில் தளர்த்துவது கார் தரையில் நிற்கும்போதுதான். ஆனால் தளர்த்திய பிறகு காரை ஓரடிகூட உருட்டக் கூடாது. பேரிங்கின் இரண்டு பாதிகளை ஒன்றாக அழுத்திப் பிடித்திருப்பது அந்த நட்தான். அது தளர்ந்த நிலையில் எடையோடு உருண்டால் நல்ல பேரிங்கும் கெடும்.

பள்ளத்தில் மட்டும் வருவது

ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கையால் பிடித்து உலுக்குங்கள். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டால் லிங்க் இழுபட்டு ஆட்டத்தை மறைத்துவிடும். சந்தேகமிருந்தால் இரண்டு லிங்க்கையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் நட் தளர்ந்தால் 'டொக்', உள்ளே பம்ப் ஸ்டாப் (கடைசி முட்டலைத் தாங்கும் மெத்தை) பொடிந்திருந்தால் பெரிய பள்ளத்தில் 'தடால்'.

சமீபத்தில் சஸ்பென்ஷன் வேலை நடந்த காரென்றால் முதலில் கேட்க வேண்டியது, ஆர்ம் போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்பதே. புஷ்ஷின் ரப்பர் இரும்புக் குழலோடு ஒட்டப்பட்டது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். முனகும், சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது தளர்த்தி மறுபடி இறுக்கினாலே பல 'கீச்'கள் போய்விடும்.

டிஃபரன்ஷியல்

ஆக்சிலேட்டருக்கு ஏற்ப சுருதி மாறினால் முதலில் ஆயிலைப் பாருங்கள். மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டால், துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் தொட வேண்டும். நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பார்க்காமல் வடிகால் பிளக்கைத் திறந்துவிடாதீர்கள். சிறிய டிஃபரன்ஷியல் உள்ள 1.6-க்கு சுமார் 0.65 லிட்டர், 1.8-க்கு 1 லிட்டர், ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. வடித்த ஆயிலில் சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவு துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது.

'டொக்' மட்டுமென்றால் டிஃபரன்ஷியலின் ரப்பர் மவுண்டையும், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீள அலுமினியச் சட்டத்தின் போல்ட்டுகளையும் பாருங்கள். கிளட்ச் மாற்றியபோது அந்தச் சட்டத்தைக் கழற்றியிருப்பார்கள். டிரைவ்ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து ரிம்முக்குள் கிரீஸ் தெறித்திருந்தால் அந்த மூட்டும் பட்டியலில் சேரும்.

பேரிங்தான் என்று உறுதியான பிறகு

முந்தைய நாளே நக்கிளின் கீழ் நீள போல்ட்டில் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊற விடுங்கள். உப்புச் சாலை கார்களில் இந்த வேலையின் பெரும்பகுதி அந்த ஒரு போல்ட்டோடுதான். நக்கிளைக் கழற்றி, பிரஸ்ஸில் ஹப்பைத் தள்ளும்போது பேரிங்கின் உள்வளையங்களில் ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளியால் பிளந்து எடுங்கள். ஹப்பில் கீறல் விழக் கூடாது. விழுந்தால், அல்லது வளையம் உட்காரும் இடம் ஏற்கெனவே நீலமாகக் கருகியிருந்தால், ஹப்பும் புதுசு வேண்டும்.

புது பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் குழாய் கொடுத்துத் தாங்குங்கள். இதில் ஒன்றை மாற்றிச் செய்தால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பேரிங் மாற்றி இரண்டே மாதத்தில் மறுபடி சத்தம் என்பவர்களில் பலருடைய கதை இது. பேரிங்கின் மேல் பழி வேண்டாம். சுத்தியால் அடித்து ஏற்றுவதும் இதே விளைவைத்தான் தரும். பேரிங்கைப் பூட்டி வைக்கும் ஸ்னாப் ரிங் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று ஸ்குரூடிரைவர் முனையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். உட்காரவில்லையென்றால் பேரிங் இன்னும் முழுக்க உள்ளே போகவில்லை.

எல்லாம் பூட்டி, புது நட்டை மடக்கி, சஸ்பென்ஷன் போல்ட்டுகளை கார் தரையில் நிற்கும்போது இறுக்கி, முதலில் ஓட்டிய அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். 100 கி.மீ. போனதும் வீல் நட்டுகளை மீண்டும் 110-க்குச் சரிபாருங்கள்.